ஆடு, ஒன்று

ஒட்டகத்தின் விந்து அவசரத்துக்கு இளகாது.
கோழை போலக் கெட்டித்து நிற்கும்.
முப்பத்தேழு டிகிரிச் சூட்டில் வைத்துக் காத்திருக்க வேண்டும்,
ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு.
அல் ஹயரில் என் வேலையில் பாதி இதுதான்.
மீதி, கட்டைவிரலால் எண்ணுவது:
ஓடுவதற்கு ஒரு டிக்,
நின்ற இடத்தில் துடிப்பதற்கு ஒன்று,
வால் சுருண்டதற்கு, தலை கழன்றதற்கு.

இந்தக் குளிர்காலம் ஷஹீனுக்கு
நூற்றில் இருபத்திரண்டு.
போன வருடம் அறுபதுக்கு மேல் ஓடியது.
மெஷின் பழுதா என்றார் முதலாளி.
மெஷினுக்கு மேலே ஜன்னல்,
ஜன்னலில் வட்ட வயல்,
ரோட்ஸ் புல்லின் மேல் சுற்றிவரும் நீர்க்குழாய்,
அதன் ஓரமாக முதுகில் டப்பாவோடு
சூசைமாணிக்கம்.

கேனில் அரபியும் ஆங்கிலமும் மட்டும் இருந்ததால்
‘களைக்கொல்லி’ என்று எழுதி ஒட்டித் தந்தது நான்தான்.
ஒட்டிய பிறகு தோன்றியது,
எந்தக் களை?
முகத்தில் இருப்பதற்கும் அதுதானே பெயர்.
அன்று அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தார்,
கக்கத்தில் எதையோ இடுக்கிக்கொண்டு.
“சூடு ஆறக் கூடாதுன்னாங்க மேடம்.”
“என்னது?”
“ஆட்டுது. கேம்ப்ல ஒரு கெடா.
பொட்டைக்குச் சினை நிக்கல.”

கேம்பில் ஆடு கிடையாது.
அடுக்குக் கட்டில்கள் பதினான்கு, ஒரு பூனை.
பேரேட்டில் எழுதினேன்: ஆடு, ஒன்று.

“நாலு வருசமாச்சு,” என்றவர்
நாக்கைக் கடித்துக்கொண்டு
“கெடாய்க்கு வயசு,” என்றார்.
“ரெண்டு லீவு. மொத்தம் எண்பது நாள்
சேந்து இருந்திருக்கும்.
ஊர்ல பொட்டைக்குத்தான் எல்லா டெஸ்ட்டும்.
ஸ்கேன், ஊசி, வேளாங்கண்ணி.
அது வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லாது, பாவம்.”

வெள்ளாட்டு அணுவுக்குத் துடுப்பு போன்ற தலை.
இது சிறியது, வேப்பங்கொட்டை வாகு.
கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காமல் எண்ணினேன்.
டிக்.
ஏசி நின்று மறுபடி கிளம்பும் வரை ஒன்றுமில்லை.
டிக்.

வெயிலா, மருந்தா,
ராத்திரி முழுக்க மடியில் சூடேறும் போனா,
பிறவியா,
இந்தக் கண்ணாடி சொல்லாது.
தட்டில் விட்ட மருந்துத் துளிக்கு
அணுக்கள் ஓட்டம் தளர்ந்ததைப் பற்றிப் படித்திருக்கிறேன்.
தட்டில் நடப்பதுதான் வயலிலும் நடக்கிறது என்று
என்னால் சத்தியம் செய்ய முடியாது.
அவர் கைகளைப் பார்த்தேன்,
நகக்கண்ணில் கேனின் நீலம்.

“கெடாயை அந்த வயல் பக்கம் விடாதீங்க.
விட்டே ஆகணும்னா கையுறை போடச் சொல்லுங்க,”
என்று சொல்லிவிட்டு நானே திருத்தினேன்,
“போடுங்க. அந்தச் சட்டையோட படுக்காதீங்க.
சூப்பர்வைசர்கிட்ட வேற வேலை கேளுங்க.
ஊருக்குப் போனா அவங்கள இனி எங்கயும் கூட்டிட்டுப் போகாதீங்க,
முதல்ல நீங்க போய்ப் பாருங்க.
கெடாய்க்கு நாற்பத்தெட்டு நாள்ல புதுசு ஊறும்.
நீங்க எழுபத்து நாலுன்னு
கணக்கு வெச்சுக்குங்க.”

ஏன் எழுபத்து நாலு என்று அவர் கேட்கவில்லை.
காலி டப்பியைத் துடைத்துக்
கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.
வாசலில் செருப்பைத் தேட
வெகுநேரம் எடுத்தது.

முதலாளிக்கு இருபத்திரண்டு என்றே அனுப்பினேன்.
மெஷின் கம்பெனியிலிருந்து ஒரு ஆள் வந்து
திருகாணிகளை முறுக்கிவிட்டுப் போனான்.
ஷஹீனின் தண்ணீர்த் தொட்டி
அதே வயலோரத்தில்தான் இருக்கிறது.

இன்று முப்பத்தொன்று.
ஜன்னலில் வட்டம் பச்சையாகச் சுற்றுகிறது.
டப்பா இன்னும் அவர் முதுகில்தான்.
மஞ்சள் ரப்பர் உறை
ஒரு கையில் மட்டும்.
என்னைப் பார்த்துவிட்டு
அந்தக் கையைத்தான் ஆட்டுகிறார்.